பின்மண்டை போட்டோவை வச்சுக்கிட்டு புதூர் பக்கம் போனது

காலம்பர ஆறே கால் மணி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல விளாத்திகுளம் பஸ்ஸு. ஜன்னலோரம் என் மக செல்வி, பக்கத்துல நான், என் மடியில ஒரு மஞ்சப்பை. பைக்குள்ள ரெண்டு போட்டோ. ஒண்ணு செத்துப்போன எங்கய்யாவோடது. இன்னொண்ணு யாருன்னே தெரியாத ஒருத்தனோட பின்மண்டை.

"செல்விக்குப் பரிச்சை, துணைக்குப் போறேன்"னு எங்கம்மாட்ட சொல்லிட்டு வந்திருக்கோம். ஞாயித்துக்கிழமை என்னலே பரிச்சைன்னு எங்கம்மா கேக்கல. கேக்காததுலயே எனக்கு ஒரு சந்தேகம்.

என்னப் பத்திச் சொல்லணும்னா, பேரு பரமசிவம், கோவில்பட்டியில பரோட்டா மாஸ்டர். அஞ்சாப்பு பெயிலு. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. மூணாவது தடவைக்கு வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வச்சுட்டாரு. நான் சொல்லச் சொல்ல செல்வி போன்ல தட்டுதா. எழுத்து அவளோடது, வாய் என்னோடது. கெட்ட வார்த்தைய எல்லாம் அவளே கழிச்சிருதா. எங்கயாவது பேச்சு சப்புன்னு இருந்தா அந்த எடத்துல நல்ல வார்த்தை ஒண்ணு போயிருச்சுன்னு வச்சுக்கிடுங்க.

எங்கய்யா வேலுச்சாமி போன புரட்டாசியில போயிட்டாவ. எழுபத்தி நாலு வயசு. தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பது வருஷம் வாட்ச்மேன். எங்க ஊருல தீப்பெட்டி பேக்டரிய ஆபீஸுன்னுதான் சொல்லுவோம், கேக்கதுக்குக் கவுரதையா இருக்கும். நல்ல மனுசன். செல்விய பன்னெண்டாப்பு வரைக்கும் சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போயி, பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் எதுத்தாப்புல வேப்பமரத்தடியில உக்காந்திருப்பாவ. நான் வேலை பாக்குற கடைக்கு வந்தா ஒரே ஒரு பரோட்டா தின்னுட்டு "உப்பு கம்மி"ன்னு சொல்லிட்டுப் போவாவ. உப்பு சரியா இருந்தாலும் அதத்தான் சொல்லுவாவ.

கோழி திம்பாவ, மீனு திம்பாவ, ஆட்டுக்கறிய மட்டும் தொடமாட்டாவ. வயித்துக்கு ஆகாதாம். படுக்கதுக்கு முன்னால வெரல நீட்டி வீட்டு ஆளுகளை எண்ணுவாவ. எங்கம்மா, நான், என் பொண்டாட்டி, செல்வின்னு நாலு பேரு. ஆனா அவிய அஞ்சுன்னுதான் முடிப்பாவ. தன்னையும் சேத்து எண்ணுதாவன்னு நாங்களும் விட்டுட்டோம். அப்புறம் ஒண்ணு, நாங்க யாராவது வெளியூர் கெளம்புனா கூப்பிட்டு நிக்க வச்சு, வலது காது மேல் நுனியில ஒரு கிள்ளு, இடது காது கீழ் மடல்ல ஒரு கிள்ளு. திருநீறு பூசுற மாதிரி, அது இல்லாம அனுப்ப மாட்டாவ. எனக்கு நாப்பத்தஞ்சு வயசானப்பவும் பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு பாக்க கிள்ளியிருக்காவ.

இப்படிப்பட்ட மனுசன் மேல எதுக்குச் சந்தேகம்னு கேப்பீங்க. மாசத்துல ஒரு ஞாயிறு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு "வாட்ச்மேன் சங்கத்துல மீட்டிங்"னு கெளம்புவாவ. பொழுதடைய வந்து, வீட்டுக்குள்ள நுழையாம, நேரா பின்னால போயி குளிச்சிட்டுத்தான் உள்ள வருவாவ. மீட்டிங் போனவன் எதுக்குவே குளிக்கணும்? அவிய கூட வேலை பாத்த ஒரு அண்ணாச்சிட்ட சங்கத்தப் பத்திக் கேட்டேன். சிரிச்சிட்டாரு. "ஏலே, வாட்ச்மேனுக்கு ஏதுலே சங்கம்? எல்லாரும் மீட்டிங்குக்கு வந்துட்டா கேட்டுல எவன் நிப்பான்?"

அதுக்கு மேல அந்தப் பின்மண்டை. பத்து நாளைக்கு முன்னால, மொத வருஷத் திதிக்கு போஸ்டர் அடிக்க, பழைய போட்டோவ செல்வி தேடிக்கிட்டு இருந்தா. பதினாறாம் நாள் கருமாதிக்கு எடுத்த படத்துல ஒருத்தன் பந்தலுக்கு ஓரமா திரும்பி நிக்கான். மூஞ்சிய துண்டால மூடியிருக்கான். தலை மொட்டை. பச்சை மொட்டை, அன்னைக்கு எடுத்தது. எங்க பக்கத்துல அப்பன் செத்தா மகன்தான் மொட்டை போடணும். ஊரான் ஒருத்தன் சும்மா தலையக் குடுக்க மாட்டான்.

இதுல வெக்கக்கேடு என்னன்னா, ஒத்த மகன் நான் போடல. "சைனஸ் இருக்கு, நீர் கோத்துக்கிடும்"னு சொல்லி மீசைய மட்டும் குடுத்துட்டுத் தப்பிச்சிட்டேன். சைனஸுன்னா என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கடைக்கு வந்த ஒரு டிரைவர் சொல்லக் கேட்டது. தலையில மிச்சம் இருந்ததே அம்பது அறுபது முடி, அதுக்கும் டை அடிச்சு வச்சிருந்தேன். அத விட மனசு வரல.

அடுத்த ஞாயிறு திதி. இன்னொரு மகன் இருந்தான்னா அவனையும் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வைக்கணும். வச்சா எங்கம்மா அந்த எடத்துலயே விழுந்துருவா. வைக்கலேன்னா எங்கய்யாவுக்குச் செய்யறது பாதிதான் போயிச் சேரும். இதக் கண்டுபிடிக்காம என்னால எள்ளத் தொட முடியாது. அதான் இந்தப் பயணம்.

"தாத்தா அப்படிப்பட்டவியளே இல்லப்பா"ன்னா செல்வி.

"ஏட்டி, உனக்கு அவிய தாத்தா. எனக்கு அவிய ஆம்பளை. ஆம்பளையப் பத்தி எனக்குத் தெரியும்."

ஆறரைக்கு வண்டி எடுத்தான். எட்டயபுரம் பதினஞ்சு கிலோமீட்டர், அங்கன இருந்து விளாத்திகுளம் இன்னொரு இருபது. ரெண்டு பக்கமும் கரிசல். மானாவாரிக்காரங்க மழைய நம்பி புழுதியில மக்காச்சோளத்த விதைச்சுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்காங்க. முந்தின நாள் ஒரு தூத்தல் விழுந்திருக்கு, மண்ணு ஈரத்துல இன்னும் கருப்பாத் தெரிஞ்சுது. தூரத்துல காத்தாடி றெக்கை ஒவ்வொண்ணா சுத்துது. எனக்கு என்னமோ எல்லாக் காத்தாடியும் கழுத்த நீட்டி என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. ஒருத்தர் மேல சந்தேகப்பட ஆரம்பிச்சா அப்படித்தான் போல.

ஏழரைக்கு விளாத்திகுளம். நாலு இட்லி, ஒரு வடை, ரெண்டு டீ, எம்பது ரூவா. வடை என் தொழில் இல்ல, அதனால குறை சொல்லல.

எட்டு அஞ்சுக்கு புதூர் போற டவுன் பஸ். டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்கு ஓசிங்கிறதால செல்விக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு பதினஞ்சு ரூவா. எங்கய்யா சட்டைப் பையில சுருட்டிக் கெடந்த டிக்கெட்டும் இதே ரூட்டுதான், அவிய செத்த பெறகு சட்டையத் துழாவுனப்ப கெடச்சது. அத வச்சுத்தான் இந்தப் பக்கம் வந்ததே. கண்டக்டர்ட்ட எங்கய்யா போட்டோவ காமிச்சேன்.

"அட, மூக்குக்காரரு!"ன்னாரு.

இந்த எடத்துல மூக்கப் பத்திச் சொல்லிரணும். எங்க குடும்ப மூக்கு நல்ல முத்துன கத்திரிக்காய் சைஸு. எங்க தாத்தாவுக்கு இருந்துச்சு, எங்கய்யாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு, பாவம் செல்விக்கும் இருக்கு. எங்க ரத்தம்னா மூக்கு காட்டிக் குடுத்துரும்.

"இவியளத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியாம என்ன? மாசம் ஒருக்க வருவாரே. கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் கையில இருக்கும். புதூருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால பாதை பிரியுற ஒரு விலக்கு, அங்கன எறங்குவாரு. ஆளையே காணோம், சொகமா இருக்காரா?"

"போயிட்டாவ"ன்னேன். கண்டக்டர் விசில வாயில வச்சவரு ஊதல, எடுத்துட்டாரு.

எனக்கு வேற ஒண்ணு ஓடுச்சு. கடலைமிட்டாய் யாருக்கு? எனக்குச் சின்ன வயசுல ஒரு மிட்டாய நாலா ஒடச்சு, நாளைக்கு ஒரு துண்டு தருவாவ. இங்கன ஒரு பொட்டலமே வருது. "பாத்தியாட்டி?"ன்னேன். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

எட்டே முக்காலுக்கு விலக்குல எறங்குனோம். ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை. ஊர் பேரச் சொல்ல மாட்டேன், காரணம் கொஞ்ச நேரத்துல தெரியும். ஈரக் கரிசல்ல நடந்து பாத்திருக்கீங்களா? பத்து அடி வச்சா செருப்புக்குக் கீழ இன்னொரு செருப்பு மொளைக்கும். இருவது அடிக்கு அது தலையணை ஆயிரும். நான் ஒரு சாண் உசந்து போயிட்டேன். கடைசியில செருப்பக் கையில தூக்கிக்கிட்டு, ஊருக்குள்ள களவாணி மாதிரி வெறுங்காலோட நுழைஞ்சேன். அதுதான் மொதத் தப்பு.

ரெண்டாவது தப்பு டீக்கடையில. பெஞ்சுல நாலஞ்சு பேரு. கடைக்காரரு "யாரு, எங்கன இருந்து வருதீங்க?"ன்னாரு. உள்ளதச் சொன்னா அத்தன பேரும் சேந்து மறைச்சிருவாங்கன்னு என் புத்தி சொல்லுச்சு.

"ஆடு வாங்க வந்தேன்"னேன்.

கடைக்காரரு பெஞ்சப் பாத்தாரு, பெஞ்சு அவரப் பாத்துச்சு.

"யாரு ஆடு?"

மஞ்சப்பையில இருந்து எங்கய்யா போட்டோவ எடுத்தேன். "இந்தப் பெரியவருதான் நல்ல ஆடு இருக்கு, போயிப் பாருன்னு சொல்லிவிட்டாரு."

"எப்பச் சொன்னாரு?"

"போன வாரம்."

கடைக்காரரு டீ ஆத்துறத நிறுத்திட்டாரு. "அவரு செத்து வருசம் ஆகப் போகுது. போன வாரம் உம்மகிட்ட எப்படி வந்து சொன்னாரு?"

தலைப்பா கட்டுன ஒரு பெருசு எந்திரிச்சு தெலுங்குல ஏதோ கேட்டாரு. கடைக்காரரு எனக்கு அதத் தமிழ்ப்படுத்துனாரு. "ஆட்டுக் களவாணியான்னு கேக்காரு. போன மாசம்தான் இதே மாதிரி யாவாரின்னு ஒருத்தன் வந்து பாத்துட்டுப் போனான். மறுநாள் ஏழு உருப்படி ஆட்டக் காணோம்." நான் ஊர் பேரச் சொல்லாததும் இதுக்குத்தான்.

"அவன் பொம்பளப் பிள்ளையோட வந்தானா?"ன்னேன் நான். வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கணும்ல.

"பொண்டாட்டியோட வந்தான்."

"அப்ப நான் மகளோட வந்திருக்கேன். வித்தியாசம் இருக்குல்ல?"

ஒருத்தரு போயி பாதைய மறிச்சு நின்னுக்கிட்டாரு. இன்னொருத்தரு போன எடுத்தாரு. பையில இருந்த ரெண்டாவது போட்டோவையும் பிடுங்கிப் பாத்தாங்க. பின்மண்டையக் காமிச்சு ஆளு தேடுனவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். அதப் பாத்ததும் அவங்க மூஞ்சி இன்னும் இறுகிப் போச்சு. "இவன் படம் உமக்கு எதுக்கு?"

அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. எனக்காக இல்ல, செல்வி பக்கத்துல நிக்கா. "அண்ணாச்சி, உள்ளதச் சொல்லிருதேன். நான் அவிய மகன். கோவில்பட்டி."

"இப்பத்தான் யாவாரின்ன. அதுக்குள்ள மகனாயிட்ட. இன்னும் அஞ்சு நிமிசம் போனா கலெக்டருன்னு சொல்லுவ."

"என் மூக்கப் பாருங்க அண்ணாச்சி."

"மூக்கு பெருசா இருந்தா மகனா? எங்க ஊரு பாதிப் பேருக்கு மூக்கு பெருசுதான்." தலைப்பாக்காரரு இப்பத் தமிழ்லயே கேட்டாரு: "அவரு மகன்னா சொல்லு. உங்க வீட்டுக் காது வெட்டு என்ன?"

எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. கடைக்காரரு சொன்னாரு, ஆட்டு மந்தைக்காரன் ஒவ்வொரு வீட்டுக்கும் காதுல ஒரு வெட்டு உண்டு, குட்டியிலயே கத்தியால நறுக்கி விட்டுருவாங்க, மந்தை கலந்து போனாலும் காதப் பாத்து அவனவன் உருப்படியப் பிரிச்சிக்கிடுவான்னு. அந்த வெட்ட அசலூராளுகிட்ட சொல்ல மாட்டாங்க, மகனுக்கு மட்டும் சொல்லிக் குடுப்பாங்க.

"எங்கய்யா வாட்ச்மேனு. அவியளுக்கும் ஆட்டுக்கும் என்ன சம்மந்தம்?"னேன்.

"பாத்தியா, மாட்டிக்கிட்டான்"னு பெஞ்சுல ஒரு சத்தம்.

செல்வி முன்னால வந்தா. "எனக்கு ஆடெல்லாம் தெரியாது. தாத்தா எங்கள எங்கயாவது அனுப்பும்போது காதக் கிள்ளுவாவ. இங்கன ஒண்ணு." வலது காது மேல் நுனியத் தொட்டா. "இங்கன ஒண்ணு." இடது காது கீழ் மடலத் தொட்டா.

தலைப்பாக்காரரு அவ தொட்ட காதப் பாத்தாரு. அப்புறம் தலைப்பாவ அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டாரு. "அவரு பேத்திதான். டீயப் போடுப்பா."

டீக்கு எவ்வளவுன்னு கேட்டேன், கடைக்காரரு முறைச்சாரு. அதனால விலை தெரியல, மன்னிச்சிருங்க. "பின்மண்டைக்காரன் யாரு அண்ணாச்சி?"ன்னேன். "கருப்பசாமி. கம்மாய்ப் பக்கம் ஆட்டோட நிப்பான்." "எங்கய்யாவுக்கு அவன் என்ன வேணும்?" பெஞ்சுல அத்தன பேரும் டீ கிளாஸுக்குள்ள பாத்தாங்க. "அத அவன்கிட்டயே கேட்டுக்கிடும்."

என்னய்யா இது? ஒரு ஊரே கிளாஸுக்குள்ள பாத்தா என்ன அர்த்தம்?

பத்தே கால். கம்மாய் ஒரு கிலோமீட்டர். உள்ள தண்ணி இல்ல, சீமக்கருவேலம் மட்டும் மண்டிக் கெடந்துச்சு. ஆடுக நெத்துப் பெறக்கித் தின்னுக்கிட்டு இருந்துச்சு. கிட்டப் போயிக் காதப் பாத்தேன். வலது காது மேல் நுனியில ஒரு நறுக்கு, இடது காது கீழ ஒரு பொளவு. ஒண்ணு, ரெண்டு, பத்து, எல்லாத்துக்கும். என் கை அதுவா என் காதத் தடவிப் பாத்துக்கிடுச்சு. நாப்பத்தஞ்சு வருஷமா இந்த மந்தையில நானும் ஒரு உருப்படியா இருந்திருக்கேன், எனக்கே தெரியல.

கருவேலத்துக்குப் பின்னால இருந்து ஒருத்தன் வந்தான். நாப்பது வயசு இருக்கும். தோள்ல தொரட்டி, தலையில முடி வளந்திருக்கு, தூசிக்கு மூக்கையும் வாயையும் சேத்துத் துண்டால கட்டியிருக்கான்.

"வாங்கண்ணே"ன்னான். "வருவியன்னு தெரியும். எம்மவன் மெதுவாத்தான் வருவான், ஆனா வந்துருவான்னு பெரியய்யா சொல்லியிருக்காவ."

பெரியய்யான்னா பெரியப்பா. பெத்த அப்பனையே அப்படிக் கூப்பிடச் சொல்லியும் வளக்கலாம்ல?

"துண்ட அவுத்துரு"ன்னேன்.

"எதுக்குண்ணே?"

"மொதல்ல அவுத்துருப்பா. பெறகு பேசலாம்."

சிரிச்சுக்கிட்டே அவுத்தான். மூக்கு சப்பை. சுத்தச் சப்பை. ஒரு பாவமும் அறியாத மாதிரி மூஞ்சியோட மூஞ்சியாப் படுத்துக் கெடந்துச்சு. எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு, ஆனா முழுசா வரல. "உங்கம்மா மூக்கு எப்படிப்பா?"ன்னு கேட்டேன்.

"எப்பா, போதும்"னா செல்வி.

"எங்கம்மா போயி ஆறு வருசமாச்சுண்ணே. அவளுக்கு நல்ல மூக்கு. எனக்கு எங்கய்யா மூக்கு. ஊருல எங்கய்யாவுக்குப் பட்டப்பேரே சப்பைமூக்கன்தான்."

சொல்லிட்டு, தூக்குவாளித் தண்ணியக் குடுத்து, நெழல்ல உக்கார வச்சு ஒவ்வொண்ணா சொன்னான். எங்கய்யாவும் அவன் அய்யாவும் எளவட்டத்துல, நான் பெறக்கதுக்கு முன்னால, ஒண்ணா ஆடு மேய்ச்ச கூட்டாளிக. கோடை காலத்துல ராவு ஒரு காட்டுல ஆட்ட அடைச்சுக் கிடை போட்டு, காட்டுக்காரருக்கு எரு குடுத்து, அடுத்த காட்டுக்குப் போறதுதான் பொழப்பு. அந்தச் சமயத்துல கோவில்பட்டியில இருந்து எங்கம்மா ஜாதகம் வந்திருக்கு. ஆட்டுக்காரனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு எங்கம்மா அப்பா கறாராச் சொல்லிட்டாரு. எங்கய்யா ஆட்டையெல்லாம் வித்துட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டாவ. விக்கல. கூட்டாளிட்ட வாரத்துக்கு விட்டுட்டுப் போயிருக்காவ. வாரம்னா பெத்த குட்டியில பாதி வளக்குறவனுக்கு.

"எனக்கு மூணு வயசுல எங்கய்யா கிடையில இடி விழுந்து செத்துப் போனாரு. ஆட்ட எல்லாம் வித்துத் தள்ளிட்டு எங்கம்மாவ கூலிக்குப் போகச் சொன்னாங்க. பெரியய்யாதான் வந்து, ஒரு உருப்படியும் வெளிய போகக்கூடாது, இவன் வளந்து மேய்க்கட்டும்னுட்டாவ. அன்னையில இருந்து மாசம் தவறாம வருவாவ. வந்தா வெள்ளைச் சட்டையக் கழட்டி அந்தக் கொப்புல தொங்கவிட்டுட்டு, பொழுதடைய ஆட்டோட கெடப்பாவ."

"கடலைமிட்டாய்?"

"அதுவா? அந்தச் செவலை ஆடு இருக்குல்ல, அது மிட்டாய் திங்காம பால் எறக்காது. அது பேரு செல்வி."

என் மக மூஞ்சியப் பாக்கணுமே. சந்தோசப்படுறதா கோவப்படுறதான்னு தெரியாம நின்னா. "எங்கப்பா பேருல ஏதாவது இருக்கா சித்தப்பா?"ன்னா.

கருப்பசாமி இழுத்தான். "அந்தா நிக்கே, வேலியில தலைய மாட்டிக்கிட்டு. அதுதான் பரமசிவம். மாசத்துக்கு நாலு தடவை மாட்டிக்கிடும். நல்ல ஆடுதான், புத்திதான் கொஞ்சம்..."

"விடுப்பா"ன்னேன்.

போயி அந்தக் கிடாவோட தலையப் பிடிச்சு முள்ளுல இருந்து எடுத்து விட்டேன். நன்றியில்லாத ஜென்மம், முட்டிட்டு ஓடுச்சு. அப்ப முதுகக் காமிச்சுக்கிட்டே கேட்டேன்: "நீ எதுக்குப்பா மொட்டை போட்ட?"

"எங்கய்யா சாவும்போது நான் சின்னப் பிள்ளை. தலை முழுக்கச் சிரங்கு, மொட்டை எடுக்காம விட்டுட்டாங்க. அது எனக்கு மனசுலயே கெடந்துச்சு. என் கல்யாணத்துல அப்பன் நிக்க வேண்டிய எடத்துல பெரியய்யாதான் நின்னாவ. அதான் ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணாப் போட்டேன். வீட்டுல தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாவ, அதனால மூஞ்சிய மூடிக்கிட்டு ஓரமா நின்னுட்டு வந்துட்டேன்."

"சாப்பிடாமயா போன?"

"ரெண்டு பந்தியில சாப்பிட்டேண்ணே. பாயசம் நல்லா இருந்துச்சு." கொஞ்சம் யோசிச்சுட்டுக் கேட்டான்: "நீங்க ஏன்ணே போடல?"

"சைனஸு."

"அப்படின்னா?"

"எனக்கும் தெரியாதுப்பா."

தலையில கைய வச்சு அந்த அம்பது அறுபது முடியத் தடவிக்கிட்டேன்.

மத்தியானம் அவன் வீட்டுல கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு. அவன் பொண்டாட்டி எதையும் கேக்காம மூணு தடவை குழம்பு ஊத்துனா. மூணு மணிக்குத் திரும்ப கம்மாய்க்குப் போயி ஆட்டப் பத்திக்கிட்டு வந்தோம். பட்டிக்குள்ள விடும்போது கருப்பசாமி வெரல நீட்டி எண்ணுனான். எங்கய்யா வெரல் அது. அதே ஆட்டல், அதே இழுப்பு. முப்பத்தியாறுன்னு முடிச்சான்.

சோகத்த மாத்தலாம்னு சொன்னேன்: "உன்னையும் சேத்து எண்ணுப்பா, முப்பத்தியேழு வரும்."

"மேய்க்கிறவன் தன்னை எண்ணக்கூடாதுண்ணே. எண்ணுனா ஒரு உருப்படி கொறையறது தெரியாமப் போயிரும். பெரியய்யா மொதல் நாள் சொல்லிக் குடுத்ததே அதுதான்."

நானும் செல்வியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எங்கய்யா தன்னை எண்ணல. இத்தன வருசமா எங்க வீட்டுல படுத்துக்கிட்டு, அஞ்சாவதா எண்ணுனது இங்கன இருக்கிற இவனை.

நாலரைக்குக் கெளம்புனோம். விலக்கு வரைக்கும் கூட வந்தான். "வார ஞாயிறு திதி. வந்துரு. மூஞ்சியில துண்டு கூடாது"ன்னேன்.

"பெரியம்மா என்ன சொல்லுவாவளோ?"

"அத நான் பாத்துக்கிடுதேன்"னு பெருசாச் சொன்னேன். எப்படிப் பாக்கப் போறேன்னு எனக்கே தெரியாது. பஸ்ஸு தூரத்துல வந்துருச்சு. அவன் கைய எடுத்துக் கும்பிட்டான். நான் எட்டி அவன் வலது காது மேல் நுனியில ஒரு கிள்ளு, இடது காது கீழ் மடல்ல ஒரு கிள்ளு. தலையக் குனிஞ்சு குடுத்தான், குட்டியாடு மாதிரி. குனிஞ்ச தலைய அவன் நிமித்தவே இல்ல. பஸ்ஸு வந்து நின்னு, காலம்பர வந்த அதே கண்டக்டர் "ஏறுதீங்களா இல்லையா?"ன்னு கத்துனாரு.

அஞ்சே முக்கால், விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டு. எங்கம்மா போன்ல வந்தா.

"பரிச்சை முடிஞ்சுதாலே?"

"முடிஞ்சுதும்மா."

"புதூர்ல மழை உண்டா?"

"உனக்கு எப்படிம்மா...?"

"உங்கய்யா சட்டையில ஒட்டுப்புல்லு பிடுங்கிப் பிடுங்கித் தேஞ்ச வெரலுலே இது. குளிச்சா ஆட்டுவாடை போயிருமாக்கும்? சட்டையத் தொவைச்சது யாரு, பையில கெடந்த புதூர் டிக்கெட்டப் பாத்தது யாரு? ஆடு இருக்குன்னு கல்யாணம் ஆன மறுமாசமே தெரியும். எங்கப்பன் காதுல விழக்கூடாதுன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். மறைச்சிட்டோம்னு அவரு நெனச்சுக்கிடட்டும், தெரியாத மாதிரியே நானும் இருந்துக்கிடுதேன்னு காலம் ஓடிப் போச்சு." பெறகு சொன்னா: "எனக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். ராவானா ஒரு ஆளு கூட எண்ணுவாரே, அது யாருன்னு தெரியாமலேதான் நானும் படுத்து எந்திரிச்சேன். கருமாதியில ஒரு மொட்டை நின்னான், மூஞ்சிய மூடிக்கிட்டு. பாத்தியா அவன?"

"பாத்தேம்மா."

"மூக்கு எப்படிலே இருக்கு?"

பக்கத்துல செல்வி வாயப் பொத்திக்கிட்டா.

"சப்பைம்மா. தேச்சு வச்ச மாதிரி சப்பை. அவன் அப்பன் பட்டப்பேரே சப்பைமூக்கனாம்."

லைன் போயிருச்சோன்னு பாத்தேன், போகல. எங்கம்மா மூக்க உறிஞ்சுறது மட்டும் கேட்டுச்சு. இத்தன வருசத்த அவ எறக்கி வைக்க அவ்வளவு நேரம் ஆச்சு.

"சரி"ன்னா. "வரச் சொல்லிட்டேல்ல? நாசுவரு அண்ணாச்சிட்ட ஒரு தலைக்குச் சொல்லி வைக்கேன்."

"அவனுக்கு வேண்டாம்மா, அவன் போன வருசமே போட்டுட்டான்."

"அவனுக்கு யாருலே சொன்னா? உனக்கு!"

கோவில்பட்டி பஸ்ஸுல எனக்கு ஜன்னலோரம் கெடச்சுது. கண்ணாடியத் திறந்து விட்டேன். கரிசக்காட்டுக் காத்து தலையில அடிச்சுது. அந்த அம்பது அறுபது முடியும் ஆடுச்சு. ஒரு வாரம்தான, ஆடிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.